துடைத்து வைத்த கண்ணாடி

வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

பிடுங்கியவர் கடைக்காரர், காணாமல் போன குழந்தையின் அப்பா. சட்டைப் பையிலிருந்து மெத்தென்ற துணியை எடுத்தார், கண்ணாடியின் மேல் ஊதினார், இரண்டு பக்கமும் தேய்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என் மூக்கிலேயே திரும்ப மாட்டினார். பெற்ற பெண்ணை நேற்று மதியத்திலிருந்து காணோம். மனிதர் என் கண்ணாடியைத் துடைக்கிறார்!

"தப்பா எடுத்துக்காதீங்க. கை தானா போயிடுது. அழுக்குக் கண்ணாடியைக் கண்டா எங்க வீட்டுல ஒருத்தருக்கும் பொறுக்காது."

"பரவாயில்ல சார். இந்தச் சுவரு பச்சைன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

வக்கீலம்மா என் காலை மிதித்தார். "ரேடியோ, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வை."

ரேடியோ நான்தான். வாயை மூடத் தெரியாதவன் என்பதால் அவர் வைத்த பெயர். வக்கீலம்மா ஒரு காலத்தில் நிஜமாகவே வக்கீல். கேள்வி கேட்கத் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று கோபித்துக்கொண்டு, கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். அவருக்குக் கார் ஓட்டுவதும், அவர் யோசிக்கும்போது எதிராளியைப் பேச்சில் பிடித்து வைப்பதும் என் உத்தியோகம்.

கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. அதன் பின்னால் லென்ஸ் தேய்க்கும் பட்டறை. மாடியில் வீடு. கடைக்காரர் வியாபாரத்தைப் பார்க்கிறார், அவர் தம்பி பட்டறையைப் பார்க்கிறார், இருவருக்கும் மூத்த அக்கா எல்லாரையும் பார்க்கிறார். காணாமல் போன ஏழு வயதுப் பெண்ணைக் குட்டி என்றுதான் வீட்டில் கூப்பிடுகிறார்கள். ஆகவே எனக்கும் அவர்கள் குட்டியின் அப்பா, குட்டியின் சித்தப்பா, குட்டியின் அத்தை.

எங்களை வரவழைத்தது அத்தைதான். பார்த்தவுடன் பிடித்துப்போகிற முகம். இடது கண்ணில் மட்டும் தடித்த லென்ஸ், அதனால் அந்தக் கண் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார், மின்விசிறியைச் சுழல விட்டார், பிறகுதான் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பாவம், குட்டியோட அம்மாவைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. ஆறு மாசமாவே அவ நிதானத்துல இல்ல. படி இருக்குன்னு நினைச்சுக் கால வெக்கறா, படி இருக்காது. தண்ணியை டம்ளருக்குப் பக்கத்துல ஊத்தறா. நேத்து குட்டியைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனா. தனியா வந்தா. கேட்டா, குட்டி எனக்கு முன்னாடியே பின்வாசல் வழியா கடைக்குள்ள ஓடிட்டாளே, யாரோ கதவைத் திறந்து விட்டாங்களேங்கறா. மத்தியானம், கடை மூடியிருந்துச்சு. தம்பி மேல தூங்கிட்டிருந்தான். சின்னவன் மெஷின் சத்தத்துல இருந்தான். நான் சமையல்கட்டுல இருந்தேன். யாரு திறந்து விடறது?"

"குழந்தையை எங்கயோ விட்டுட்டு வந்துட்டாங்கன்னு நினைக்கறீங்களா?"

"நான் நினைக்கலைம்மா. அதை வாயால சொல்லக்கூட எனக்குத் தெம்பில்ல. போலீஸ் நினைக்குது. சாயங்காலம் அவளை மனநல ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறோம். அங்க டாக்டர் பேச்சுக் குடுத்தா எங்க விட்டான்னு சொல்லிடுவாளாம்."

கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். கட்டிய மனைவியை அனுப்ப இவ்வளவு அவசரமா? எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரோரம் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள் வேறு அடுக்கி இருந்தன.

"வீடு மாத்தறீங்களா சார்?"

"ஊரே மாத்தறதா இருந்தோம். தனியா போய் ஒரு கடை போடலாம்னு. அதைப் பேச ஆரம்பிச்ச நேரமோ என்னவோ, இவளுக்கு இப்படி ஆயிடுச்சு. அப்படியே நின்னுபோச்சு."

வக்கீலம்மா பெட்டிகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "போலீசுக்கு என்ன கிடைச்சுது?" என்றார்.

மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே சின்னஞ்சிறு இளஞ்சிவப்புக் கண்ணாடி, குட்டியுடையது. தாயின் கைப்பைக்குள் அடியில் கிடந்ததாம். இன்ஸ்பெக்டர் தன் கையால் எடுத்து, கவரில் போட்டு, மேலே தாள் ஒட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டு, எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். நாட்டின் பாதுகாப்பு இப்படிப்பட்டவர்கள் கையில் இருக்கிறது.

வக்கீலம்மா கவரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். கைப்பையையும் கேட்டு வாங்கிக் கவிழ்த்தார். பிஸ்கட் தூள், பென்சில் சீவல், உருகி ஒட்டிய மிட்டாய், பார்க் மணல் எல்லாம் கொட்டியது.

"ரேடியோ, உன் அக்கா பையன் கண்ணாடி போடறான் இல்ல? எப்படி வெச்சிருப்பான்?"

"அதை ஏன் கேக்கறீங்க? அதுல சாப்பிட்ட சாப்பாட்டோட சரித்திரமே இருக்கும். எந்தப் பக்கம் வழியா பார்க்கறான்னு எங்களுக்கே புரியாது."

"ம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மிட்டாயும் மணலும் கிடந்த பைக்குள்ளிருந்து வந்த அந்தக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகைகூட இல்லை.

குட்டியின் அம்மா உள் அறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து அழுகையும் வற்றிப் போன முகம். அவள் கண்ணாடியைக் கவனித்தேன். இந்த வீட்டில் நான் பார்த்த ஒரே அழுக்குக் கண்ணாடி அதுதான். கல்யாணமாகி வந்தவள், துடைக்கிற வியாதி இன்னும் தொற்றவில்லை.

"நீங்களும் என்னைப் பைத்தியம்னு சொல்லத்தான் வந்தீங்களா?"

"இல்லம்மா. எனக்குத் தாகம், தண்ணி கேக்க வந்தேன்" என்றார் வக்கீலம்மா.

அவள் கூஜாவைச் சாய்த்தாள். தண்ணீர் டம்ளருக்கு வெளியே மேசையில் விழுந்தது. "பாத்தீங்களா? பாத்தீங்களா? இப்படித்தான். என் கையே என் பேச்சைக் கேக்கறதில்ல. அப்போ குட்டி உள்ள ஓடினதை நான் பார்த்ததும் பொய்யா? நானே என் குழந்தையை எங்கயாவது தொலைச்சுட்டேனா? சொல்லுங்க!"

"கண்ணாடியைக் கழட்டுங்க. இப்ப ஊத்துங்க."

"கழட்டினா எனக்குத் தூரத்துல ஒண்ணுமே தெரியாது."

"டம்ளர் தூரத்துல இல்லையே."

கழற்றினாள், ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார். அப்போதும் சிந்தவில்லை. அவள் டம்ளரையே வெறித்துப் பார்த்தாள்.

வக்கீலம்மா அவள் கண்ணாடியை வாங்கிக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, அதன் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். லென்சுக்கு மேலேயும் கீழேயும் கம்பி நேராக இருந்தது, நட்டநடு லென்சுக்குள் மட்டும் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. என் கண்ணாடியைக் கழற்றி அதே மாதிரி பிடித்தேன். நடுவில் கம்பி ஒழுங்காகத்தான் இருந்தது.

"லென்சோட நடுப்புள்ளி கண்ணுக்கு நேரா நிக்கணும்" என்றார். "இதுல ரெண்டையும் நகர்த்தி மாட்டியிருக்காங்க. பவர் ஜாஸ்தியா இருக்கற லென்ஸ், கொஞ்சம் நகர்த்தினாலே போதும், இருக்கற பொருள் இல்லாத இடத்துல தெரியும். தலை சுத்தும், கால் இடறும். ஏம்மா, தலை சுத்துதுன்னு நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாம? சொல்லும்போதெல்லாம் வாங்கிட்டுப் போய் சரி பண்ணிக் குடுப்பாங்க. அப்புறம் இன்னும் ஜாஸ்தியாகும்."

"யாரு?"

"கீழ பட்டறையிலதான்." அவள் கண் கலங்கியது. "அப்போ எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"உங்களைப் பைத்தியமாக்க ஒருத்தர் ஆறு மாசம் பாடுபட்டிருக்காங்க. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா? இந்தக் குழந்தையைப் பத்தி நீங்க எங்கிட்ட சொல்லாத விஷயம் ஏதாவது இருக்கா?"

அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "அதை மட்டும் கேக்காதீங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"குழந்தை உயிரை விட சத்தியம் பெரிசா?" என்று நான் வெடித்தேன். வக்கீலம்மா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

மாடிப்படியில் வைத்து, "புருஷன்தான்!" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துடிக்கிறான் பாருங்க. இல்லேன்னா தம்பி. லென்ஸ் தேய்க்கறவனே அவன்தான்."

"இல்லேன்னா அத்தை, இல்லேன்னா நீ. சும்மா இரு. கடத்தினவன் தெருவுல போற எவனோன்னா குட்டி கண்ணாடியைப் பளபளன்னு துடைச்சா பையில போடுவான்? அம்மா மேல பழி வரணும்னு வெச்சது இந்த வீட்டு ஆள்தான். எடுத்துப் பையில போடற அந்த ஒரு நிமிஷத்துல கை தானா துடைச்சிருக்கு. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"சரி, மூணு பேர்ல ஒருத்தர். எப்படிப் பிடிக்கறது?"

"உன் மூக்குல இருக்கற அழுக்கையே சகிச்சுக்காத ஜனங்க இவங்க. குட்டி இப்போ கண்ணாடி இல்லாம எங்கயோ சுவரைத் தடவிட்டு நடந்தா, ஒளிச்சு வெச்சவங்களால பார்த்துட்டு இருக்க முடியுமா? நிச்சயமா வேற கண்ணாடி தயாராகியிருக்கும். இங்கயே, இந்தப் பட்டறையிலயே."

சித்தப்பா மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார், என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே மணி நேரத்தில் இரண்டாவது தடவை. இப்படியே போனால் லென்ஸ் தேய்ந்துவிடும் என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை; சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"இந்த வாரம் சின்னப் பிள்ளைகளுக்கு என்னென்ன தேய்ச்சீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"காப்பகத்துப் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம். வாரா வாரம் இலவசமா குடுப்போம்."

"அதுல ஒரு ஜோடி... இடது கண்ணு ரொம்ப ஜாஸ்தி, வலது கண்ணு கம்மி. குட்டியோட பவர்."

மெஷின் நின்றுவிட்டது. அவர் கால் பலகையை மிதிக்க மறந்திருந்தார்.

"ரேடியோ, நீ மேல போ. எல்லாரையும் பேசிப் பிடிச்சு வை. போன் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது."

கதை சூடு பிடிக்கும்போது பார்த்து என்னை விரட்டுவது இவருக்குக் கைவந்த கலை. மேலே போய், கடைக்காரரிடமும் அத்தையிடமும் என் பூர்வீகக் கண் நோய்கள் அத்தனையையும் சொன்னேன். இல்லாத நோய்களையும் சேர்த்துக்கொண்டேன்.

வக்கீலம்மா வந்தபோது முகம் வாடியிருந்தது. "எனக்கு ஒண்ணும் பிடிபடலைம்மா" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்றதுதான் சரி. டாக்டர்கிட்டயே விட்டுடலாம். சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? என் கார் இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம். நீங்க கூட வந்தீங்கன்னா அவங்களுக்குத் தைரியமா இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் ஊற்றிக் காட்டியது எல்லாம் எதற்கு? இந்த அம்மாவுக்குத்தான் மூளை குழம்பிவிட்டதா? அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். கடைக்காரர் போலீசுக்காக வீட்டிலேயே இருந்துகொண்டார். குட்டியின் அம்மா மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் இறங்கி வந்து காரில் ஏறினாள். அவள் கண்ணாடி வக்கீலம்மாவின் பையில் இருந்தது.

கோபத்தில் கியரை இரண்டு தடவை கிறீச்சிட வைத்தேன். நாற்சந்தியில் ஆஸ்பத்திரிக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும்.

"இடது பக்கம் போ" என்றார் வக்கீலம்மா.

"ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்..."

"சொன்னதைச் செய்."

திருப்பினேன். காருக்குள் மேலே தொங்கிய கண்ணாடியில் பின் ஸீட்டைப் பார்த்தேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க போறோம்?"

"காப்பகத்துக்கு. சின்ன வேலை."

"இப்ப எதுக்கு? இவளை வெச்சுக்கிட்டு... தம்பி, வண்டியை நிறுத்துங்க. எனக்கு மயக்கமா வருது."

"ஏன், நீங்க யார் கண்ணாடியையாவது மாத்திப் போட்டுக்கிட்டீங்களா?" என்றேன். இந்தத் தடவை வக்கீலம்மா என் காலை மிதிக்கவில்லை.

அவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "உங்க சின்னத் தம்பி தேய்க்கறதோட சரி. அதைப் பிரேம்ல மாட்டறது எப்பவும் நீங்கதான். இவங்க கண்ணாடியையும் ஒவ்வொரு தடவையும் நீங்கதான் சரி பண்ணிக் குடுத்தீங்க. நேத்து பின்வாசலைத் திறந்து குட்டியை உள்ள விட்டதும் நீங்கதான். காப்பகத்துப் பையன் ஒருத்தனுக்குன்னு சொல்லி பழுப்புக் கலர்ல ஒரு ஜோடி கேட்டு வாங்கினீங்க. அவருக்கு நேத்தே புரிஞ்சுபோச்சு. வளர்த்த அக்காவாச்சேன்னு வாயை மூடிட்டு இருந்திருக்கார். இவங்க ஊரை விட்டுப் போறோம்னு சொன்னப்பதான் உங்களுக்கு இந்த யோசனை வந்துச்சு. இவங்க ஆஸ்பத்திரியில, உங்க தம்பி நொந்துபோய். அப்புறம் ஒருநாள் நீங்களே குட்டியைக் கண்டுபிடிச்சு மடியில வெச்சுக்கலாம். இருக்கறதுலயே உதவாக்கரைத் துப்பறியறவங்களா தேடி எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க. அதுக்கு மட்டும் நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன்."

"அக்கா?" என்றாள் குட்டியின் அம்மா.

அத்தை சிரித்தார். நல்ல முகம் என்று நான் நினைத்த அந்த முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "ஒரு அத்தைக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்? கோர்ட்டுல எவன் நம்புவான்?"

"நம்ப மாட்டான். அத்தையா இருந்தா."

அத்தை குட்டியின் அம்மா பக்கம் திரும்பினார். "சொல்லிட்டியா? சத்தியம் பண்ணிட்டு சொல்லிட்டியா?"

"அவங்க சொல்லலை" என்றார் வக்கீலம்மா. "அவங்களைப் பைத்தியமாக்கப் பார்த்தது ஏன்னு கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பரவாயில்லைன்னு வாயைத் திறக்கலை. குட்டி இடது கண்ணும் உங்க இடது கண்ணும் ஒரே மாதிரி இருக்கறதைப் பார்த்து எனக்கு வெறும் சந்தேகம்தான் இருந்துச்சு. இப்ப நீங்கதான் சொன்னீங்க."

அவ்வளவுதான். அத்தை உடைந்துவிட்டார். குட்டி, அவருக்குக் கல்யாணமாகாமல் பிறந்த குழந்தை. தம்பியும் தம்பி மனைவியும் வெளியூருக்குப் போய் இருந்துவிட்டு, தங்கள் குழந்தை என்று தூக்கி வந்தார்கள். "பெத்தவ நான்! ஏழு வருஷமா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அவ என்னை அத்தைன்னு கூப்பிடறதைக் கேட்டுட்டிருந்தேன். அதையும் பிடுங்கிட்டு வேற ஊருக்குப் போறேன்னா? அது மட்டுமாவது எனக்கு வேண்டாமா?" என்று முன் ஸீட்டைக் குத்தினார். எனக்கு அவரைத் திட்ட நிறைய வார்த்தை இருந்தது. ஒன்றையும் எடுக்காமல் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

காப்பகம் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். முன்னால் தாழ்வாரம். பொறுப்பிலிருந்த அம்மாள் அத்தையைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "வாங்கம்மா. நீங்க விட்டுட்டுப் போன பையன் நேத்துலேர்ந்து சாப்பிடவே இல்ல. அம்மாவுக்கு உடம்பு சரியானா கூட்டிட்டுப் போவீங்கன்னு சொன்னேன், நம்ப மாட்டேங்கறான்."

தாழ்வாரத்தின் கோடியில் பிள்ளைகள் கூட்டமாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கே யார் குட்டி என்று தெரியவில்லை. போலீசுக்குக் கொடுத்திருந்த குட்டியின் படத்தில் இருந்தது இரட்டைப் பின்னலும் இளஞ்சிவப்புக் கண்ணாடியும். இங்கே எல்லாம் ஒட்ட வெட்டிய தலைகள், அரைக்கைச் சட்டைகள்.

ஒரு பழுப்புக் கண்ணாடி எங்கள் பக்கம் திரும்பியது. எங்களைப் பார்த்தது. ஆனால் ஓடி வரவில்லை. தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"வர மாட்டா" என்றார் அத்தை, அழுகைக்கு நடுவில். "அம்மாவுக்கு இனிமே உன் மூஞ்சி அடையாளம் தெரியாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

நான் வக்கீலம்மாவின் பையில் கை விட்டேன். அந்தக் கோணல் கண்ணாடியையாவது கொடுக்கலாம் என்று. குட்டியின் அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. பத்தடி தூரத்தில் ஆளே தெரியாத அந்தப் பெண், மூன்று படி இறங்கி, இரண்டு படி ஏறி, எதிரில் ஓடிய பிள்ளைகளை ஒதுக்கிக்கொண்டு, நேராகத் தூணுக்குப் போய் நின்றாள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

"யாருடி உன் முடியை வெட்டினது?" என்றாள், கோபமாக.

குட்டி ஓவென்று அழுதுகொண்டு இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த அழுகை தெரு வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஒன்றும் அழவில்லை, வெயில் கண்ணில் பட்டது.

வக்கீலம்மா அத்தையிடம் மெதுவாக, "போலீஸ்கிட்ட நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள். குட்டி படியில் நின்றுவிட்டாள்.

"அம்மா, அத்தை ஏன் அழறாங்க?"

உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் நடுத்தெருவில் நின்று சொல்லியிருப்பேன். அத்தையும் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் இருந்தது பயமா ஆசையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

குட்டியின் அம்மா வெட்டுப்பட்ட அந்தத் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"உன்னைக் காணோம்னு அத்தையும் பயந்துட்டாங்கடி" என்றாள். "வா, வீட்டுக்குப் போகலாம்."